தோழி கொடுத்த தகவலின் பேரில்

"பேரு போடலையேக்கா. எங்கயாச்சும் பேரு போட்டிருக்கா, நீங்களே பாருங்க..."

"பேரு போடாட்டி? பேரு போட்டாத்தான் தெரியுமா?"

"சிறுமின்னு போட்டிருக்கு. தோழின்னு போட்டிருக்கு. ஊரு உலகத்துல தோழி எத்தனையோ பேரு..."

"ஊரு ஒலகத்துல இருந்துட்டுப் போகட்டும் தம்பி. ஆலடிப்புதூர்ல எத்தனை பேருங்கிறேன். எங்க ஊர்லருந்து பத்தாங்கிளாசுக்குப் போறதே ரெண்டு பிள்ளைக. ஒண்ணு கல்யாணப் பொண்ணு. இன்னொண்ணு எம்மக. பெறகு பேரு என்னத்துக்கு? எங்க வீட்டு வாசல்ல அம்புக்குறி போட்டுவிட்ட மாதிரில்ல இருக்கு!"

மதன்குமார் பேப்பரைக் கீழே வைத்தான். அதை அவன் யோசிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவனுடைய கடை திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் போட்டோ எடுப்பான். ப்ளெக்ஸ் போர்டுக்குக் கம்ப்யூட்டரில் படம் அமைத்து, அருப்புக்கோட்டையில் அடித்து வாங்கிக் கொடுப்பான். மதுரையிலிருந்து வரும் ஒரு நாளிதழுக்கு இந்தப் பக்கத்துப் பகுதிநேர நிருபரும் அவன்தான். வயிற்றுப்பாட்டுக்குக் கடை, மரியாதைக்குப் பேப்பர். 'பிரஸ்' என்று ஒட்டிய வண்டியில் நரிக்குடி வரைக்கும் போய் வருவான். போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி போடுவார்கள்.

ராஜேஸ்வரி அவன் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. கரிமூட்டத்திலிருந்து நேரே வந்திருந்தாள். எவ்வளவு கழுவினாலும் உள்ளங்கை ரேகையிலிருந்து கரி போவதில்லை. பக்கத்தில் மகள் முனீஸ்வரி, துப்பட்டாவின் நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றாள்.

"ஒக்காருங்கக்கா. டீ சொல்றேன்."

"ஒன் வெள்ளைச் சேர்ல கரி ஒட்டும். டீ குடிக்கவா பஸ்ஸு ஏறி வந்தேன்? எம்மக யாருக்கும் போன் பண்ணல. பேப்பர்ல அப்படி ஒரு வரி எப்படி வந்துச்சு? அத மட்டும் சொல்லு."

வியாழக்கிழமைப் பேப்பரில் உள்பக்கத்தில் வந்த செய்தி அது. 'திருச்சுழி அருகே ஆலடிப்புதூரில் பத்தாம் வகுப்பு படிக்கும் சிறுமிக்கு நடக்க இருந்த திருமணத்தை, சிறுமியின் தோழி கொடுத்த தகவலின் பேரில் அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர்.' சின்னத்துரையின் மகள் துர்காதேவியை விருதுநகரில் ஒரு காப்பகத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனிலேயே திரும்பிப் போனார்கள். அன்றைக்குக் காலையில் டீக்கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படித்தார்கள். 'தோழி' என்ற இடம் வந்ததும் படித்தவர் நிறுத்தினார். அதற்குப் பிறகு ராஜேஸ்வரி வீட்டோடு பேசுவதற்கு ஊரில் ஆளே இல்லாமல் போயிற்று.

சின்னத்துரை அந்நியன் இல்லை. ராஜேஸ்வரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

"அண்ணே," என்றாள் முனீஸ்வரி, மெதுவாக. "நான் சொல்லல. அப்பச் சொன்னது யாரு?"

மதன்குமார் சுவரைக் காட்டினான். மதுரை அலுவலகத்திலிருந்து நிருபர்களுக்கு அனுப்பிய நடத்தை விதிகளைப் பெரிய எழுத்தில் அடித்துக் கண்ணாடிக் காகிதம் போட்டு மாட்டியிருந்தான். "படிச்சுப் பாரும்மா, நாலாவது."

முனீஸ்வரி பள்ளிக்கூடக் குரலில் படித்தாள். "தகவல் தந்தவரின் அடையாளத்தை எந்த நிலையிலும் வெளிப்படுத்தக் கூடாது."

"அம்புட்டுத்தான். யாரு சொன்னாகன்னு நான் சொல்லக் கூடாது. சொன்னவுகளக் காப்பாத்துறது எங்க கடமை."

"சொன்னவுகளக் காப்பாத்த விதி வச்சிருக்கீக," என்றாள் ராஜேஸ்வரி. "சொல்லாத பிள்ளையக் காப்பாத்த ஒண்ணும் எழுதலையா அதுல? நல்லாப் பாரு முனீசு, கீழ எங்கயாச்சும் இருக்கான்னு."

அந்தப் பிள்ளை நிஜமாகவே குனிந்து கீழ்வரிகளைப் பார்த்தது. மதன்குமாருக்கு அதுதான் தாங்கவில்லை. போனை எடுத்து மதுரைக்கு அடித்தான். மறைத்துப் பேசுவதாக இவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று ஒலிபெருக்கியில் போட்டான்.

"சொல்லுங்க மதன்," என்றது ஒரு களைத்த குரல். "கோயில் விழா படம் இன்னும் வரலையே."

"அனுப்புறேன் சார். இது வேற. அந்தச் சிறுமி கல்யாணச் செய்தியில தோழின்னு போட்டோம்ல, அது தப்பு சார். ஒரு திருத்தம் போடணும்."

"தோழி இல்லையா? அப்ப யாரு?"

"அது... வெளிய சொல்ல முடியாது சார்."

"எங்கிட்டயுமா?"

"ஆமா சார்."

"சரி. தகவல் குடுத்தவர் கேட்டுக்கிட்டா நாம மதிச்சுத்தான் ஆகணும். 'தகவல் கொடுத்தவர் தோழி அல்ல, தவறுக்கு வருந்துகிறோம்'னு போட்டுடறேன்."

"அதே எடத்துல வருமா சார்?"

"அதே பக்கத்துல, கண்ணுல படுற மாதிரி வரணும்கிறதுதான் விதி. நாளைக்கு அந்தப் பக்கத்துல நகைக்கடை விளம்பரம் கெடக்கு. எடம் இருந்தா மேல, இல்லாட்டிக் கீழ." குரல் நின்று, பிறகு கேட்டது. "மதன், தோழின்னு முதல்ல உங்களுக்கு யாரு சொன்னா?"

"விசாரிச்சப்ப... ஊர்ல சொன்னாங்க சார்."

ராஜேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

ஆலடிப்புதூர்க் கண்மாய்க்குள் பங்குனி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கிடந்த இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கரையை ஒட்டின சின்னத்துரையின் பட்டாவில் சீமைக்கருவேலத்தை வெட்டி, அவனும் ராஜேஸ்வரியின் புருஷன் மாரீஸ்வரனும் கூட்டாக மூட்டம் போட்டிருந்தார்கள். விறகைக் கூம்பாக அடுக்கி, செத்தை பரப்பி, ஈரமண் அப்பித் தீ வைத்த மூட்டம். மண்ணுக்குள் விறகு வெந்து கரியாகும் வரை ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்துவிட்டால் தீப்பிடித்து மிச்சமில்லாமல் சாம்பலாகிவிடும். ராத்திரி ஒரு வீடு, பகல் ஒரு வீடு என்று முறை வைத்துக் காவல் இருப்பார்கள். வியாழக்கிழமையிலிருந்து சின்னத்துரை வீட்டு முறைக்கு யாரும் வரவில்லை. மாரீஸ்வரன்தான் இரண்டு முறையும் பார்த்தான். கண் இரண்டும் பழுத்துப் போயிருந்தது.

ராஜேஸ்வரி தூக்குச்சட்டியைத் திறந்து கம்மங்கஞ்சியைக் கரைத்தாள். சுட்ட கருவாடும் மோர் மிளகாயும் இருந்தன.

"போன காரியம் என்னாச்சு?"

"நாளைக்குத் திருத்தம் போடுறாகளாம்."

"போடட்டும். நான் வேற ஒண்ணு நெனச்சிருக்கேன். மல்லாங்கிணத்துல ஒன் தங்கச்சி வீட்ல இவளக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு. கொஞ்சநாள் கண்ணுல படாம இருந்தா ஊரு ஆறும்."

"திங்கக்கெழமை பரிட்சைப்பா," என்றாள் முனீஸ்வரி.

"எழுதாட்டிப் போகுது. ஆட்டோக்காரரு என்ன சொன்னாரு தெரியும்ல? இவள ஏத்துனா மத்த பிள்ளைகள அனுப்ப மாட்டோம்னுட்டாகளாம். அப்துல் பாரி நல்ல மனுசன், எங்கிட்டச் சொல்லவே அவருக்குச் சங்கடம். 'நீங்க என்ன பாய் செய்வீக'ன்னு நானே அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"பஸ்ஸுல போறேன்."

"பஸ்ஸுலயும் இந்த ஊர்க்காரகதான வருவாக?" மாரீஸ்வரன் கஞ்சியைக் கீழே வைத்தான். "சரி, இங்க யாரும் இல்ல. உண்மையச் சொல்லு. நீ போன் பண்ணியா, இல்லையா? பண்ணியிருந்தாலும் அடிக்க மாட்டேன்."

"பண்ணலப்பா."

"சத்தியமா?"

"பண்ணல." அந்தப் பிள்ளையின் குரல் உடைந்தது. "பண்ணியிருக்கணும். துர்கா எங்கிட்ட அழுதுச்சு. பள்ளிக்கூடத்துச் செவத்துலயே பிள்ளைக உதவி கேக்குற நம்பரு எழுதிப் போட்டிருக்கு, பத்துத் தொண்ணூத்தெட்டுன்னு. நான் அதத் தெனமும் பாத்துக்கிட்டே போய்ட்டு வந்தேன். பயந்துக்கிட்டு எதுவும் செய்யல. செய்யாததுக்குத்தான் எல்லாரும் என்னைய ஏசுறாகப்பா."

மாரீஸ்வரன் எழுந்து போய் மூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். புகை இன்னும் வெள்ளையாகத்தான் வந்தது. நீலமாக மாறினால்தான் வெந்ததாகக் கணக்கு.

"வேற யாருக்குத்தான் தெரியும் அந்தக் கல்யாணம்?" என்றாள் ராஜேஸ்வரி. "எனக்கே தெரியாது. எங்க அண்ணன் பத்திரிகை அடிக்கல. பாக்கு வைக்கல. மதினி எங்கிட்டச் சேலை எடுக்கப் போறதக்கூட மறைச்சிருக்கா. கொலதெய்வம் கோயில்ல வெடியுறதுக்கு முன்ன தாலியக் கட்டி வேன்ல ஏத்திவிடுறதுன்னு ஏற்பாடு. ஆனா அதிகாரிக நேரம் மொதக்கொண்டு தெரிஞ்சுல்ல வந்து நின்னாக!"

"அம்புட்டு ரகசியமா வச்சவக ஒரு கூத்துப் பண்ணாக," மாரீஸ்வரனுக்கு அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. "மாப்பிள்ளையோட கூட்டாளிப் பயலுக கோயில் வாசல்ல ப்ளெக்ஸு கட்டியிருந்தானுக. பொண்ணு படம், மாப்பிள்ளை படம், சுத்திப் பயலுக படம். நாள், நேரம், எடம் எல்லாம் போட்டு. ஜீப்பு வந்ததும் அவுத்துச் சுருட்டிக் கருவேல முள்ளுக்குள்ள எறிஞ்சுட்டு ஓடுனானுக. திருட்டுக் கல்யாணத்துக்கும் ப்ளெக்ஸு இல்லாம முடியாது இவனுகளுக்கு."

ராஜேஸ்வரி கருவாட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

*

மறுநாள் திருத்தம் வந்தது. நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே, ரயில் நேரத்துக்கும் கீழே, இரண்டு வரி. மதன்குமாரே பேப்பரை எடுத்துக்கொண்டு வண்டியில் மூட்டத்துக்கு வந்தான். வேலை முடிந்தது என்ற முகத்தோடு இறங்கினான்.

"பாத்துட்டோம்," என்றாள் ராஜேஸ்வரி. "டீக்கடையிலயும் படிச்சாக. எங்க அண்ணன் என்ன சொல்லுச்சாம் தெரியுமா? இல்லாததுக்கு எவனாச்சும் மெனக்கெட்டு இல்லைன்னு போடுவானா, ஆத்தாளும் மகளும் நேத்துத் திருச்சுழிக்குப் பஸ்ஸேறுனத நான் பாத்தேன், அழுது கேட்டுப் போட வச்சிருக்காகன்னு. வியாழக்கெழமை பாதிப் பேருதான் நம்புனாக. இன்னைக்கு மிச்சப் பேரும் நம்பிட்டாக."

"நான் என்னக்கா செய்ய? விதிப்படி என்ன செய்யணுமோ..."

"விதிய விடு. அந்த ப்ளெக்ஸ அடிச்சது எந்தக் கடை?"

மதன்குமார் மூட்டத்தைப் பார்த்தான். மாரீஸ்வரனைப் பார்த்தான். முனீஸ்வரியை மட்டும் பார்க்கவில்லை. பிறகு வெட்டிப் போட்ட தூர்க்கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தான். வெள்ளைப் பேண்ட் என்பது அப்போது அவனுக்கு நினைவில்லை.

"நான்தான்க்கா."

"ப்ளெக்ஸா, போனா?"

"ரெண்டும்."

யாரும் கேட்குமுன் அவனே பேசினான்.

"மாப்பிள்ளையோட கூட்டாளி போட்டோ அனுப்பிவிட்டான். பிள்ளை பள்ளிக்கூட யூனிபாரத்துல நிக்கிது. 'அண்ணே, இதுக்குப் பட்டுச்சேலை மாத்திவிடுங்க'ன்னான். மாத்துனேன். எனக்கு அது அரைமணி நேர வேலை. கழுத்துக்குக் கீழ எல்லாம் மாறிடுச்சு. மொகம் மட்டும் மாறல. அழுது தொடச்ச மொகம். வெளிச்சத்தக் கூட்டிப் பாத்தேன், கண்ணைத் தெளிய வச்சுப் பாத்தேன். என்ன செஞ்சாலும் அழுத பிள்ளையாத்தான் இருந்துச்சு. ப்ளெக்ஸ அடிச்சுக் குடுத்துட்டேன். குடுத்துட்டு வந்து உக்காந்து போன் பண்ணுனேன்."

"துட்ட வாங்கிட்டு?" என்றான் மாரீஸ்வரன்.

"வாங்கிட்டுத்தான்."

"பண்ணுனது நல்ல காரியம்," என்றாள் ராஜேஸ்வரி. "அதுல நான் குத்தம் சொல்லல. எம்மகள எதுக்கு இழுத்த?"

"யாரு தகவல் சொன்னான்னு ஒரு வரி வேணும்னு மதுரையில கேட்டாகக்கா. நானே போன் பண்ணி நானே செய்தி எழுதுனேன்னு எப்படிச் சொல்றது? டவுனுச் செய்தியில தோழின்னு போட்டா அது யாரையும் குறிக்காது. அந்தக் கைப்பழக்கத்துல போட்டுட்டேன். ஒங்க ஊர்ல தோழின்னா ஒரே பிள்ளைதான்னு எனக்குத் தோணவே இல்ல."

"எங்க அண்ணங்கிட்ட வந்து சொல்லு."

"அக்கா, சொன்னேன்னா சுத்துப்பட்டியில ஒருத்தன் என்னைய விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டான். இவன்கிட்டப் போட்டோ குடுத்தா போலீசு வரும்னு ஆயிரும். பேப்பர்லயும் எடுத்துருவாக. தகவல் சொன்னவன் பேரு வெளிய வரக்கூடாதுங்கிறது எனக்கும் சேத்துத்தான..."

"எங்கள மட்டும் விசேஷத்துக்குக் கூப்பிடுறாகளா?"

கரையில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னத்துரை இறங்கி வந்துகொண்டிருந்தான். தோளில் துண்டு இல்லை, வேலைக்கு வந்தவன் மாதிரித் தெரியவில்லை. யாரையும் பார்க்காமல் நேரே போய்த் தன் தார்ப்பாயை மடித்தான். தன் மண்வெட்டியை எடுத்தான்.

"மச்சான்," என்றான் மாரீஸ்வரன். "மூட்டம் பாதி ஒங்களது."

"எம் பாதியையும் சேத்து நீயே வச்சுக்க. இல்லாட்டி ஒம்மக போன் போட்டு யாரையாச்சும் வரச்சொல்லுவா, அவுக வந்து காவல் இருப்பாக."

அப்போதுதான் தென்பக்கம் மண் வாய் பிளந்தது. முதலில் ஒரு கீறல், பிறகு ஒரு சட்டி அளவுக்குச் சரிவு. உள்ளேயிருந்து சிவப்பாக நாக்கு நீட்டியது.

"ஏலே மாப்ள, தண்ணி!" என்று கத்தியவன் சின்னத்துரைதான். கையிலிருந்த மண்வெட்டியோடு பாய்ந்தான். மாரீஸ்வரன் குடத்தைக் கவிழ்த்தான். ராஜேஸ்வரி செத்தையை அள்ளி அமுக்கினாள். முனீஸ்வரி ஈரமண்ணை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொட்டினாள். "அங்க இல்ல முனீசு, மேல, மேல போடு!" என்று சின்னத்துரை அவளிடமும் சொன்னான். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. மதன்குமாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த பேப்பரோடு சேர்த்து மண்ணை வாரி அப்பினான். நெருப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. அடங்கியதும் எல்லோரும் இருமிக்கொண்டு நின்றார்கள். எல்லோர் முகமும் ஒரே நிறமாக இருந்தது.

சின்னத்துரை மதன்குமாரை அப்போதுதான் பார்த்தான். "பேப்பர்காரருக்கு மூட்டத்துல என்ன வேலை? எம்மக கதை முடிஞ்சது, இனிமே கரியப் படம் பிடிச்சுப் போடப் போறீகளோ?"

ராஜேஸ்வரி தண்ணீர்ச் செம்பை எடுத்து முதலில் அண்ணனுக்குக் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை.

"அண்ணே," என்றான் மதன்குமார். "இந்தப் பிள்ளை போன் பண்ணல. பண்ணுனது நான். பேப்பர்ல தோழின்னு பொய் எழுதுனதும் நான்தான்."

சின்னத்துரை மண்வெட்டியைக் கீழே போட்டான். மதன்குமாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மாரீஸ்வரன் விலக்கப் போனான்.

"விடுங்க," என்றாள் ராஜேஸ்வரி. "அவுகளாப் பேசிக்கிடட்டும்."

"ஏன்டா? எங்குடும்பத்துக்கும் ஒனக்கும் என்னடா? காசு குறைச்சுக் குடுத்தானுகளா?"

"இல்லண்ணே."

"எவன்கிட்டயாச்சும் வாங்குனியா?"

"இல்லண்ணே. அந்தப் போட்டோ. ப்ளெக்ஸுக்கு அனுப்புன போட்டோ. அழுத மொகமா இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல."

சட்டையைப் பிடித்த கை இறுகவும் இல்லை, விடவும் இல்லை. மூட்டத்துக்குள் ஏதோ ஒரு கட்டை முறிந்து அமர்ந்தது. முனீஸ்வரி அம்மாவின் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"அந்தப் போட்டோவ எடுத்ததே நான்தான்டா," என்றான் சின்னத்துரை. "பள்ளிக்கூடம் விட்டு வந்தவளச் செவத்தோரமா நிறுத்தி, சிரிம்மான்னு சொல்லி, எம் போனுல நான்தான் எடுத்தேன். எனக்கு எதுத்தாப்லதான நின்னா? எனக்கு ஏன்டா தெரியல?"